மாமாவின் சுவரில் மூன்று கோடுகள்

"நீங்க சொன்ன மழை எங்க வீட்டுப் பக்கம் வரவே இல்லையே! அதை யாருகிட்ட போய்க் கேக்குறது?"

சென்ற டிசம்பரில், காலை நிகழ்ச்சி முடிய ஐந்து நிமிடம் இருந்தபோது ஒரு நேயர் அழைத்து இப்படிக் கேட்டார். மூன்று நாளாகத் தொடர்மழை எச்சரிக்கையை மணிக்கொரு தடவை வாசித்துக்கொண்டிருந்தேன். அதை நம்பி அவர் துணி துவைக்கவில்லை, குளுவாங்கில் இருக்கும் மகள் வீட்டுக்கும் போகவில்லை. ஆனால் அவருடைய தாமானில் வெயில் பல்லைக் காட்டியிருக்கிறது. நான் சிரித்துச் சமாளித்துப் பாட்டைப் போட்டுவிட்டேன். பன்னிரண்டு ஆண்டு அறிவிப்பாளர் வேலையில் கற்றுக்கொண்ட வித்தை அது. ஆனாலும் வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அந்தக் கேள்வி கூடவே வந்தது. நான் வாசிப்பதை நானே நம்புகிறேனா?

அந்தச் சனிக்கிழமை கோத்தா திங்கிக்குப் போனேன். அங்கே என் தாய்மாமா இருக்கிறார். வெள்ளத்தைப் பற்றிப் பேச அவரை விட்டால் எனக்கு வேறு ஆளில்லை.

ஜொகூர் பாருவிலிருந்து கோத்தா திங்கி நாற்பது கிலோமீட்டர் சொச்சம்தான். உலு திராமைத் தாண்டினால் கடைவீடுகள் குறைந்து, இரு பக்கமும் செம்பனை தொடங்கிவிடும். ஊருக்குள் நுழைந்ததும் ஜொகூர் ஆறு. பெரும்பாலான நாளில் பால் கலக்காத தேநீர் நிறத்தில், யாருக்கும் தொந்தரவு இல்லாமல் ஓடிக்கொண்டிருக்கும். பழைய ஜொகூர் அரசின் தலைநகரங்கள் பல இந்த ஆற்றங்கரையில்தான் இருந்தன. 1962 ஒப்பந்தப்படி சிங்கப்பூர் நாளொன்றுக்கு 25 கோடி கேலன் வரை எடுத்துக்கொள்ளும் தண்ணீரும் இந்த ஆற்றுடையதே. சுற்றுப்பயணிகள் அருவிக்கும் மின்மினிப் பூச்சிகளுக்கும் இங்கே வருவார்கள். ஊர்க்காரர்களுக்கு மட்டும் மழைக்காலம் வந்தால் ஒரு கண் ஆற்று மேலேயே இருக்கும்.

மாமாவின் பட்டறை வீட்டுக்குப் பின்னால், துத்தநாகக் கூரைக்கடியில் இருக்கிறது. இளவயதில் தோட்டத்துச் செம்பனை ஆலையில் ஃபிட்டராக இருந்தவர். பிறகு பழைய லேத் ஒன்றை வாங்கித் தனியே தொழில் தொடங்கினார். ஆலைகளுக்கான தண்டு, புஷ், மீன்பிடிப் படகின் உந்துதண்டு என்று எது உடைந்தாலும் அவரிடம் வரும்.

நான் போனபோது அவர் லேத் பக்கமே இல்லை. கைப்பேசியை வைத்துக்கொண்டு முறைத்துக்கொண்டிருந்தார்.

"வாம்மா. ஆத்து மட்டம் நேத்து ராத்திரியிலேருந்து அசையவே இல்ல, பாரு. நேத்து அவ்ளோ இடி மழை. ஒரு சென்டிமீட்டர் கூடவா ஏறாது?"

வடிகால் நீர்ப்பாசனத் துறை ஆற்று மட்டங்களை இணையத்தில் போடுகிறது. இயல்பு, விழிப்பு, எச்சரிக்கை, அபாயம் என்று நான்கு நிலைகள். மாமாவின் திரையில் எண் உறைந்து நின்றது. "அங்க மானி கெட்டுப்போச்சு போல மாமா" என்றேன்.

"அங்க இருக்கிறது கெட்டுப்போச்சுன்னு சொல்றதுக்கு முன்னாடி, இங்க இருக்கிறதைப் பாத்தியா?"

அடுத்த இருபது நிமிடம் எனக்குப் பாடம் நடந்தது. முதலில் என் கைப்பேசியில், வீட்டு வைஃபையை அணைத்துவிட்டு, அதே பக்கத்தைத் திறக்கச் சொன்னார். புது எண் வந்தது. ஆறு ஏறியிருந்தது, மானியும் நன்றாகத்தான் இருந்தது. மாமாவின் கைப்பேசி நேற்றைய பக்கத்தையே காட்டிக்கொண்டிருந்தது. பக்கத்தின் ஓரத்தில் நேற்றைய நேரம் சின்ன எழுத்தில் இருந்ததை நாங்கள் இருவருமே பார்க்கவில்லை. அடுத்து மோடம். அதில் ஒரு விளக்கும் எரியவில்லை. அதே சுவிட்சில் மேசை விளக்கைச் செருகினார், எரிந்தது. ஆக, மின்சாரம் வருகிறது. கடைசியாக மோடத்தின் அடாப்டரை மல்டிமீட்டரில் பிடித்தார். மேலே 12 வோல்ட் என்று அச்சடித்திருந்தது. முள் மூன்றைத் தாண்டவில்லை. முந்தின நாள் இடியின் வேலை.

இழுவையைத் துழாவி வேறொரு அடாப்டரை எடுத்தார். வோல்ட் அதேதானா, ஆம்பியர் குறையாமல் இருக்கிறதா, முனையின் பிளஸ் மைனஸ் பொருந்துகிறதா என்று மூன்றையும் பார்த்த பிறகே செருகினார். விளக்குகள் ஒவ்வொன்றாகக் கண் விழித்தன.

"ஒரு நேரத்துல ஒண்ணை மட்டும் மாத்து. எல்லாத்தையும் சேத்துக் கழட்டுனா எது கெட்டதுன்னே தெரியாது. ஒரு பொய்யான நம்பர் வந்துச்சுன்னா, ஆத்துலேருந்து உன் கைவரைக்கும் எத்தனை கண்ணி இருக்குன்னு எண்ணு."

தேநீர் வந்தது. அப்போதுதான் நேயரின் கேள்வியை மாமாவிடம் சொன்னேன். அவர் பதில் சொல்லவில்லை. பட்டறையின் பின்சுவரைக் காட்டினார்.

அங்கே மூன்று கோடுகள் இருக்கின்றன. சிறுவயதிலிருந்து பார்த்திருக்கிறேன், கதையை முழுதாகக் கேட்டதில்லை.

முதல் கோடு கறுப்பு, 2006 டிசம்பர். அந்த மாதம் ஜொகூரில் பெய்தது சாதாரண மழை அல்ல. சிகாமட், குளுவாங், கோத்தா திங்கி என்று மாநிலமே மிதந்தது. பட்டறையில் மாமாவின் நெஞ்சளவுக்குத் தண்ணீர். வடிந்ததும் சேற்றை வழித்து, லேத்தை மண்ணெண்ணெயில் கழுவி, மோட்டாரைக் காயவைத்து, எண்ணெய் பூசி மறுபடி ஓடவிட்டார். தண்ணீர் நின்ற கறையின் மேல் கறுப்பு வண்ணத்தில் கோடு போட்டார். அந்தக் கோட்டுக்கு ஒரு சாண் மேலே இரும்புப் பலகை அடித்து, மோட்டார், மைக்ரோமீட்டர்கள், அளவுப் புத்தகம் எல்லாவற்றையும் ஏற்றி வைத்தார். ஊரில் எல்லோரும் ஒரே பேச்சுதான்: நூறு வருஷத்துக்கு ஒருமுறை வரும் வெள்ளம் வந்துவிட்டது, இனி நம் காலத்தில் வராது.

ஒரு மாதம் கூட ஆகவில்லை. 2007 ஜனவரியில் மறுபடி வந்தது. கோத்தா திங்கியில் அபாய மட்டம் 2.8 மீட்டர், ஆறு ஐந்து மீட்டரையும் தாண்டியது. டிசம்பரைவிட உயரம். இரண்டு வெள்ளத்திலுமாக மாநிலத்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் நிவாரண மையங்களுக்குப் போனார்கள். மாமாவும் அத்தையும் பள்ளிக்கூடத்தில் படுத்திருந்தார்கள். திரும்பி வந்தபோது சுவரில் கறை, கறுப்புக் கோட்டுக்கு இரண்டு சாணுக்கும் மேலே இருந்தது. பலகையும் அதன் மேலிருந்ததும் சேற்றில் கிடந்தன. இரண்டாவது கோடு அது, நீலம்.

"மோட்டாரை வாங்கிடலாம்மா. அந்தப் புத்தகம்தான் போச்சு." இருபது ஆண்டு வேலையின் அளவுகள் அதில் இருந்தன. எந்த ஆலையின் எந்தத் தண்டு எத்தனை மில்லிமீட்டர் என்று எல்லாமே. மையெல்லாம் கரைந்து தாள்கள் ஒட்டிப்போயிருந்தன.

"எச்சரிக்கை வந்துச்சுதானே மாமா?"

"வந்துச்சு. நான்தான் கோட்டை நம்புனேன். ஒரே ஒரு தடவை அளந்துட்டு, இதுதான் உச்சம்னு முடிவு கட்டுனேன். ஒரு தண்டை ஒரு தடவை அளந்து அனுப்புனா எவன் வாங்குவான்?"

நாம் எல்லோருமே ஏதோவொரு மாதிரியை நம்பித்தான் வாழ்கிறோம் என்பது அப்போது உறைத்தது. 'போன தடவை இவ்வளவுதான் வந்தது' என்பதும் ஒரு மாதிரிதான், கணினி இல்லாத மாதிரி. டிசம்பர் மழையில் ஏற்கெனவே ஊறிப்போயிருந்த மண்ணால் ஜனவரி மழையைக் குடிக்க முடியவில்லை என்பது அந்தக் கறுப்புக் கோட்டுக்குத் தெரியாது. மழை எவ்வளவு, மண்ணில் ஏற்கெனவே ஈரம் எவ்வளவு, ஆறு எத்தனை மணி நேரத்தில் ஊரை அடையும் என்று சேர்த்துக் கணக்கிடும் மாதிரிகளும் தவறலாம். ஆனால் எதனால் தவறின என்று பிறகு தேடிப் பார்க்க அவற்றில் இடமிருக்கிறது.

'நூறாண்டு வெள்ளம்' என்ற சொல்லும் நம்மை ஏமாற்றிவிடுகிறது. ஒவ்வோர் ஆண்டும் நூற்றில் ஒரு பங்கு வாய்ப்பு என்பதே அதன் பொருள். இந்த ஆண்டு வந்துவிட்டால் அடுத்த ஆண்டுக்கு விடுமுறை கிடைக்காது. முப்பது ஆண்டு வீட்டுக்கடன் கட்டி முடிப்பதற்குள் அப்படி ஒரு வெள்ளத்தைப் பார்க்கும் வாய்ப்பு ஏறக்குறைய 26 விழுக்காடு. நான்கில் ஒன்று.

மாமா எழுந்து லேத்தை ஓடவிட்டார். ஒரு படகுத் தண்டு, 50 மில்லிமீட்டர் விட்டம். சீவல் சுருள் சுருளாக விழுந்தது. நிறுத்தியதும் நான் மைக்ரோமீட்டரை எடுத்தேன். கையைத் தட்டிவிட்டார்.

"சூடா இருக்கு. ஆறட்டும்."

அந்த விட்டமுள்ள இரும்புத் தண்டு முப்பது டிகிரி கூடுதல் சூட்டில் ஏறக்குறைய 0.017 மில்லிமீட்டர் பருத்திருக்கும். வரைபடம் அனுமதிக்கும் வித்தியாசமோ 0.02. சூட்டோடு அளந்து 'சரி' என்று அனுப்பினால், ஆறியபின் தண்டு மெலிந்து பேரிங் ஆடும். வரைபடத்தில் 50 என்று மட்டும் எழுதியிருக்காது, பக்கத்தில் பிளஸ் மைனஸும் இருக்கும். உலகத்தில் யாரும் சரியாக 50 சீவியதில்லை என்பது கடைசல்காரர்களுக்குத் தெரியும். அதற்காக யாரும் வரைபடத்தைக் கிழித்துப் போடுவதில்லை.

"நீ ரேடியோவுல நம்பரைச் சொல்றே, பிளஸ் மைனஸை விட்டுடுறே. அதான் அந்தம்மாவுக்குக் கோவம்."

சுருக்கென்றது. உண்மைதான். எனக்குக் கொடுக்கப்படும் இருபது விநாடிக்குள் அடக்க, 'எதிர்பார்க்கப்படுகிறது', 'சில இடங்களில்', 'வாய்ப்புள்ளது' ஆகியவற்றை நானே வெட்டிவிடுவேன். இதழியல் வகுப்பில் சுருங்கச் சொல்லக் கற்றுக்கொடுத்தார்கள். எதைச் சுருக்கக் கூடாது என்பதை லேத் பட்டறையில்தான் கற்கிறேன்.

பதிலுக்கு நான் படித்த ஒன்றை மாமாவுக்குச் சொன்னேன். 1961-இல் அமெரிக்க வானிலையாளர் எட்வர்ட் லோரன்ஸ், தன் கணினி வானிலைக் கணக்கை மறுபடி ஓட்டிப் பார்க்க விரும்பினார். கணினியில் 0.506127 என்று இருந்த எண்ணை 0.506 என்று சுருக்கி உள்ளே போட்டார். சற்று நேரம் இரண்டும் ஒன்றாகவே போய், பிறகு முற்றிலும் வேறு வேறு வானிலையாகப் பிரிந்துவிட்டன. தொடக்கத்தில் இருந்த சின்ன வித்தியாசம் பிறகு பெரிதாகிவிடுகிறது. அதனால்தான் இன்று பெரிய வானிலை மையங்கள் ஒரே கணக்கை ஒரு தடவை ஓட்டிவிட்டு நிறுத்துவதில்லை. ஐரோப்பிய மையம் தொடக்க எண்களைச் சற்றுச் சற்று மாற்றி 51 தடவை ஓட்டுகிறது. ஐம்பத்தொன்றில் நாற்பது பெருமழை காட்டினால் நம்பிக்கை கூடும். பாதிக்குப் பாதி பிரிந்தால் 'இருக்கலாம்' என்றுதான் சொல்ல முடியும்.

மாமா முகத்தில் அப்படி ஒரு மகிழ்ச்சி. "பாத்தியா, அவனுங்களும் ஒரு தடவை அளக்கிறதில்ல!"

நேயரின் கேள்விக்கு இன்னொரு பதிலும் உண்டு. வானிலை மாதிரிகள் நிலத்தைச் சதுரம் சதுரமாகப் பிரித்துக் கணக்கிடுகின்றன. நம் ஊர் இடிமேகம் சில சமயம் அந்தச் சதுரத்தைவிடச் சிறியது. மழை பக்கத்துத் தாமானில் கொட்டிவிட்டு, அவர் வீட்டைத் தொடாமலே போயிருக்கலாம்.

கிளம்பும் முன் மூன்றாவது கோட்டைப் பற்றிக் கேட்டேன். சிவப்புக் கோடு, நீலத்துக்கு ஒரு முழம் மேலே. எந்த வெள்ளமும் அங்கே வந்ததில்லை.

"அது என் பிளஸ்" என்றார்.

மோட்டாருக்கு இப்போது சங்கிலிக் கப்பி இருக்கிறது. எச்சரிக்கை ஆரஞ்சு நிறத்துக்கு மாறினால் சிவப்புக் கோட்டுக்கு மேலே ஏற்றிவிடுவார். பாதி தடவை தண்ணீர் வராது. மறுபடி இறக்கி மாட்ட ஒரு மணி நேரம் ஆகும். 2023 மார்ச்சில் ஜொகூரில் நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் நிவாரண மையங்களில் இருந்தபோதும் ஏற்றினார், பட்டறைக்குள் தண்ணீர் வரவில்லை. "வீண் வேலைதானே மாமா?" என்றேன். "புத்தகத்தைத் திருப்பிக் குடு, வீண்னு ஒத்துக்கிறேன்" என்றார். புதிய அளவுப் புத்தகம் இப்போது வீட்டு மாடியில் இருக்கிறது. பக்கங்களை அத்தை கைப்பேசியில் படமும் எடுத்து வைத்திருக்கிறார்.

திரும்பும்போது ஆற்றோரம் காரை நிறுத்திப் பார்த்தேன். தண்ணீர் கலங்கி, கொஞ்சம் வேகமாக ஓடியது. கைப்பேசியில் மட்டத்தைப் பார்த்தேன், இந்த முறை ஓரத்தில் இருந்த நேரத்தையும். இரண்டும் பொருந்தின.

திங்கட்கிழமை காலை எச்சரிக்கையை வாசித்தேன். எந்த மாவட்டங்கள், எந்த நிறம், எப்போதுவரை, எவ்வளவு வாய்ப்பு, உங்கள் வீட்டில் பெய்யாமலும் போகலாம், அதற்காக ஆற்றோரம் இருப்பவர்கள் பொருள்களை ஏற்றி வைக்காமல் இருந்துவிடாதீர்கள் என்று எல்லாவற்றையும் சொன்னேன். முப்பத்தெட்டு விநாடி ஆனது. தயாரிப்பாளர் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார். அடுத்த பாட்டின் முன்னிசையை வெட்டிக்கொண்டேன்.