வேலியும் பொட்டும்

யாழ்ப்பாணத்தில் வளர்ந்த எவருக்கும் கிடுகு வேலி புதிய செய்தியன்று. கதியால்களை வரிசையாக நட்டு, கிடுகு வைத்துக் கட்டி, மாரிக்கு முன் பழையதைக் கழற்றிப் புதியதாக அடைப்பார்கள். அந்த வேலிகளில் அநேகமாக ஒரு பொட்டு இருக்கும். படலையால் சுற்றிப் போகாமல், குனிந்து நுழைந்து அயல் வளவுக்குப் போவதற்காக வீட்டுக்காரரே விட்டுவைக்கும் சிறு இடைவெளிக்கு எங்கள் ஊரில் அதுதான் பெயர். மனிதருக்கென்று விட்ட பொட்டினூடாக ஆடும் நாயும் உள்ளே வரும். நான் மதுப்பழக்கத்திலிருந்து விலகிய கதையைச் சொல்ல முற்படும்போதெல்லாம் இந்த வேலியும் பொட்டும்தான் நினைவுக்கு வருகின்றன.

கொழும்பில் ஒரு நாளிதழின் ஆசிரியபீடத்தில் இரவுப் பணியில் இருந்த காலம் அது. வெளியூர்ப் பதிப்பு அச்சுக்குப் போனபின், நகரப் பதிப்பின் வேலை தொடங்குமுன் ஒரு மணி நேரம் ஓய்வு கிடைக்கும். பஸ் தரிப்பிடத்துக்குப் போகும் வழியில் ஒரு மதுச்சாலை இருந்தது. நண்பர்களோடு வாரத்தில் ஒருநாள் என்று தொடங்கியது, சில ஆண்டுகளில் தனியாக நாள்தோறும் என்று ஆயிற்று. போர்ச் செய்திகளுக்குத் தலைப்பிட்டு மனம் மரத்துப்போனதால் குடிக்கிறேன் என்று எனக்கே காரணம் சொல்லிக்கொண்டேன். அது முழுப் பொய்யன்று. ஆனால் அதே மேசையில் அதே செய்திகளைத் திருத்திய வேறு சிலர் தேநீர் அருந்திவிட்டு வேலைக்குத் திரும்பினார்கள்.

2001 ஆம் ஆண்டில் ஓரிரவு, மூன்று வயது மகளுக்குக் காய்ச்சல் கடுமையாகி, மனைவி அலுவலகத்துக்குத் தொலைபேசி எடுத்தார். நான் மதுச்சாலையில் இருந்தேன். அழைப்பை எடுத்த இளம் சக ஊழியர், "அண்ணை அச்சுக்கூடத்தில் நிற்கிறார், உடனே வரமுடியாது அக்கா" என்று சொல்லிவிட்டார். என்னைக் காப்பாற்றத்தான் அப்படிச் சொன்னார். மனைவி முச்சக்கரவண்டி பிடித்துத் தனியாகப் பிள்ளையை மருத்துவமனைக்குக் கொண்டுபோனார். விடியற்காலையில் நான் அங்கே போனபோது அவர் சத்தம் போடவில்லை. "நீங்கள் குடிப்பது எனக்குத் தெரியும். ஆனால் உங்களுக்காக இன்னொருவரைப் பொய் சொல்ல வைக்காதீர்கள்" என்றார். அதன்பிறகு அதைப் பற்றி அவர் பேசவே இல்லை. அந்த மௌனம்தான் எனக்குத் தாங்கமுடியாததாக இருந்தது.

அன்று முதல் நானும் எல்லைகள் வகுத்தேன். இரண்டு கிளாஸுக்கு மேல் இல்லை. சம்பள நாளில் இல்லை. ஞாயிற்றுக்கிழமை இல்லை. ஒன்றும் நிலைக்கவில்லை. நம் நாட்டில் போயா தினங்களில் மதுக்கடைகள் மூடப்படும். முதல்நாள் மாலை அக்கடைகளின் முன் நீளும் வரிசையைக் கண்டவர்களுக்கு, சட்டம் கடையைத்தான் மூடும், மனத்தை மூடாது என்பது விளங்கும். 2006 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கச் சட்டம் 21 வயதுக்குக் குறைந்தோருக்கு மதுவும் புகையிலையும் விற்பதைத் தடைசெய்தது. இத்தகைய சட்டங்கள் அவசியமே. ஆயினும் வயது வந்த ஒருவன் தன் வளவுக்குத் தானேதான் வேலி அடைக்கவேண்டும்.

2002 ஏப்ரலில் ஏ-9 பாதை மீண்டும் திறக்கப்பட்டபின், மாரி தொடங்குமுன் ஊருக்குப் போனேன். ஓய்வுபெற்ற ஆசிரியரான என் தகப்பனார், இரண்டு கூலியாட்களோடு நின்று வேலி அடைத்துக்கொண்டிருந்தார். ஊரில் பாதி வீடுகள் வெறுமையாகக் கிடந்தன. இந்த வயதில் இது எதற்கு, கிணற்றடியையும் தோட்டத்தையும் மட்டும் மறைத்தால் போதாதா என்று கேட்டேன்.

"தம்பி, வேலி எல்லையிலதான் போடவேணும். மாடு தோட்டத்துக்கு வந்தபிறகு துரத்துறது பெரிய வேலை. அதுக்குள்ள அது பாதியைத் திண்டுபோடும்" என்றார்.

அன்றிரவு குடும்ப ஜெபத்தில் அவர் நீதிமொழிகள் ஐந்தாம் அதிகாரத்தை வாசித்தார். என் நிலை அவர் காதுக்கு எட்டியிருந்தது என்பதைப் பின்னர் அறிந்தேன். அந்த அதிகாரம் பரஸ்திரீயைப் பற்றி மகனுக்குத் தந்தை சொல்லும் புத்தி. அதிலே ஒரு விடயத்தை அன்றுதான் கவனித்தேன். வீட்டுக்குள் போனபின் எப்படி நடந்துகொள்வது என்று அந்தத் தந்தை கற்பிக்கவில்லை. வாசலைக் கிட்டவே வேண்டாம், வழியையே தூரப்படுத்திக்கொள் என்கிறார். நானோ இரண்டாவது கிளாஸுக்கும் மூன்றாவது கிளாஸுக்கும் இடையில் வேலி போட்டுக்கொண்டிருந்தேன். அது கிணற்றுக்குள் வேலி போடுவதைப் போன்றது.

பின்னர் அந்தக் கண்ணோட்டத்தோடு வேதாகமத்தைப் புரட்டினேன். எங்கும் அதே ஒழுங்கு தெரிந்தது. உபாகமம் 22 ஆம் அதிகாரத்தில், புதிதாக வீடு கட்டுகிறவன் மேல்தளத்தைச் சுற்றிக் கைப்பிடிச் சுவர் கட்டவேண்டும் என்று ஒரு கட்டளை உண்டு. அக்காலத்துத் தட்டையான கூரையில் மக்கள் புழங்கினார்கள். ஒருவர் விழுந்து இரத்தப்பழி வந்தபின் அல்ல, வீடு கட்டும்போதே சுவரும் எழும்பவேண்டும். பாபிலோனுக்குக் கொண்டுபோகப்பட்ட தானியேல், அரச உணவால் தன்னைத் தீட்டுப்படுத்துவதில்லை என்று முன்னதாகவே தீர்மானித்து, பத்து நாள் மரக்கறியும் தண்ணீரும் தந்து சோதித்துப் பார்க்கும்படி பொறுப்பாளரிடம் கேட்டான். போத்திபாரின் வீட்டில் யோசேப்பு தன் மனவுறுதியைச் சோதித்துப் பார்த்துக்கொண்டு நிற்கவில்லை. வஸ்திரத்தை விட்டுவிட்டு ஓடினான். வனாந்தரத்தில் மூன்று முறை சோதிக்கப்பட்ட இயேசு, மூன்று முறையும் உபாகமத்திலிருந்து சுருக்கமாகப் பதில் சொன்னார். பசி வந்தபின் வசனம் தேடவில்லை. அது முன்னரே அவருள் இருந்தது.

கொழும்பு திரும்பியதும் நான் செய்தவை சாதாரணமானவை. மதுச்சாலை இல்லாத தெருவால் நடக்கத் தொடங்கினேன். அதனால் பஸ்ஸுக்குக் கூடுதலாகப் பத்து நிமிடம் நடக்கவேண்டியிருந்தது. பணிக்கு வரும்போது பஸ் கட்டணத்துக்கான காசு மட்டும் கொண்டுவந்தேன். அந்த ஓய்வு மணியில் அலுவலகத் தொலைபேசியில் மகளோடு பேசினேன். வெறுமையாகக் கூட்டிவைத்த வீட்டுக்குத் திரும்பிவரும் அசுத்த ஆவியைப் பற்றி மத்தேயு 12 இல் இயேசு சொன்ன கதையின் பொருள் அப்போதுதான் விளங்கியது. எடுத்துவிட்ட பழக்கத்தின் இடத்தில் வேறொன்றை வைக்கவேண்டும்.

ஆனால் ஒரு பொட்டு விட்டுவைத்திருந்தேன். வெளிநாட்டிலிருந்து நண்பர்கள் வந்தால் மட்டும் என்பதே அது. சமாதான காலம், வருகிறவர்களுக்குக் குறைவில்லை. 2003 இல் ஒரு நண்பருக்காக அந்தப் பொட்டினூடாக நுழைந்தேன். மூன்று கிழமைக்குள் பழைய தெருவிலேயே நடந்துகொண்டிருந்தேன். விழுந்ததைவிட, அந்த விதிவிலக்கை நானே மிகுந்த கவனத்தோடு வகுத்திருந்தேன் என்பதுதான் என்னை அதிகம் வெட்கப்படுத்தியது.

அப்போது எனக்கு உதவியது எரேமியா 35 ஆம் அதிகாரம். தேவாலய அறையொன்றில் திராட்சரசம் நிறைந்த குடங்களையும் கிண்ணங்களையும் ரேகாபியரின் முன் தீர்க்கதரிசி வைக்கிறார். அழைத்தவர் தீர்க்கதரிசி, இடம் தேவாலயம். விதிவிலக்குக்கு இதைவிடத் தகுந்த சந்தர்ப்பம் வேறில்லை. ஆயினும் தங்கள் மூதாதை யோனதாப் குடிக்கவேண்டாம் என்று கட்டளையிட்டதைச் சொல்லி அவர்கள் மறுத்துவிடுகிறார்கள். யோனதாப் யெகூ அரசனின் காலத்தவர். இது நடந்ததோ யோயாக்கீமின் காலத்தில். இடையில் இருநூறு ஆண்டுகளுக்கு மேல் கடந்திருந்தன. 1835 இல் இங்கிலாந்தில் தொடங்கிய மதுவிலக்குச் சங்கமொன்று ரேகாபியரின் பெயரைச் சூட்டிக்கொண்டது இதனால்தான். அவர்கள் காரணத்தை நீட்டி விளக்கவில்லை. நாங்கள் குடிப்பதில்லை என்று எல்லோரும் கேட்கச் சொன்னார்கள்.

நானும் சொன்னேன். எனக்காகப் பொய் சொன்ன அந்தத் தம்பியை அழைத்து, "நான் குடிப்பதை விட்டுவிட்டேன். இனி வீட்டிலிருந்து யாராவது கேட்டால் நான் எங்கே நிற்கிறேனோ அதை அப்படியே சொல்லவேண்டும்" என்றேன். அவர் சிரித்தார். பிறகு என் முகத்தைப் பார்த்துத் தலையசைத்தார். அன்று மாலை மனைவியிடமும் அதைச் சொன்னேன். அவர் உடனே நம்பவில்லை. நம்புவதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு மேல் எடுத்தது. அது நியாயமே.

இரண்டு விடயங்களைச் சொல்லியாகவேண்டும். நெடுங்காலம் கடுமையாகக் குடித்தவர்கள் திடீரென்று நிறுத்தினால் நடுக்கமும் வலிப்பும் வந்து உயிராபத்தும் நேரலாம். அவர்கள் மருத்துவரின் கண்காணிப்பில்தான் நிறுத்தவேண்டும். ஜெபத்துக்கும் வைத்தியத்துக்கும் பகையில்லை. அடுத்தது, என் வேலி என் வளவுக்கானது. அதைக் கொண்டு அயலவரின் பரிசுத்தத்தை அளக்கத் தொடங்கினால், இயேசு மாற்கு ஏழாம் அதிகாரத்தில் கண்டித்த பரிசேயரின் வரிசையில் நானும் போய் நிற்பேன்.

இன்றைய இளையவர்களுக்கு மதுச்சாலை தெருவில் மட்டும் இல்லை. சூதாட்டமும் ஆபாசமும் கைத்தொலைபேசியில் சட்டைப்பைக்குள் வந்துவிட்டன. அண்மையில் இளம் நிருபர் ஒருவர், இரவில் பன்னிரண்டு மணிக்குமேல் பார்ப்பதில்லை என்று எடுத்த தீர்மானம் நிலைக்கவில்லை என்று என்னிடம் சொல்லி வருந்தினார். தொலைபேசி எங்கே இருக்கும் என்று கேட்டேன். தலையணைக்குக் கீழே என்றார். குசினியில் மின்னேற்றிவிட்டு, எழும்புவதற்கு ஒரு பழைய மணிக்கூட்டை வாங்கி வைக்கச் சொன்னேன். கேட்டதும் அவருக்கு ஏமாற்றமாக இருந்தது. ஆவிக்குரிய ஆலோசனை ஏதாவது சொல்வேன் என்று எதிர்பார்த்திருப்பார். நீதிமொழிகள் ஐந்தாம் அதிகாரம் சொல்வதும் அதுதான் என்றேன்.

தகப்பனார் இன்று இல்லை. உறவினர் அனுப்பிய பணத்தில் எங்கள் வளவைச் சுற்றி இப்போது மதில் எழும்பிவிட்டது. அதை ஆண்டுதோறும் அடைக்கவேண்டிய தேவையில்லை. எனது மற்ற வேலிக்கு அந்த வசதி கிடையாது. ஒவ்வோராண்டும் மாரி தொடங்குமுன் ஒருநாள் உட்கார்ந்து, எங்கே கிடுகு உக்கியிருக்கிறது, எங்கே நானே புதிதாகப் பொட்டு வைத்திருக்கிறேன் என்று பார்க்கிறேன். ஏதாவதொன்று இருக்கத்தான் செய்கிறது. இதை வாசிக்கும் நீங்களும் இன்று ஒருமுறை உங்கள் வேலியைச் சுற்றி நடந்து பாருங்கள். தேவன் உங்களோடிருப்பாராக.