ஒரு டிஷ், இரண்டு செய்மதி

எமது வீட்டுக் குசினியின் மேல் தளத்தில் எட்டடி விட்டமுள்ள வலைத்தட்டு ஒன்று பல ஆண்டுகளாக வானத்தைப் பார்த்து வீற்றிருக்கிறது. யாழ்ப்பாணத்தார் அதனை ‘டிஷ்’ என்றே அழைப்பர். ‘செய்மதி அலைவாங்கி’ என்னும் அழகிய பெயர் பாடப்புத்தகத்துக்கு உரியது. ஏணியைப் பிடித்துக்கொண்டு நிற்பவன் வாயில் அது வராது.

2012 ஆம் ஆண்டு மார்கழியில் இந்த டிஷ்ஷினால் எமது வீட்டில் பெருங்கலகம் ஒன்று விளைந்தது. கிழக்கு நெடுங்கோடு 83 பாகையில் நிற்கும் செய்மதியை நோக்கியே அது பூட்டப்பட்டிருந்தது. செய்தியும் நாடகமும் சிறுவர் படங்களும் அங்கிருந்து வந்தன. இடுப்பு முறிந்து கட்டிலோடு கிடந்த அம்மம்மாவுக்கோ வேண்டியது ஒன்றே ஒன்று: சென்னையிலிருந்து வரும் மார்கழிக் கச்சேரி. அது 93.5 பாகைச் செய்மதியில் வந்தது. ஆகவே பின்னேரந்தோறும் தந்தையார் ஏணி வைத்து ஏறி டிஷ்ஷைத் திருப்புவார்; கச்சேரி முடிந்ததும் மறுபடி ஏறிப் பழையபடி வைப்பார். அவருக்கு அப்போது வயது 68. மழை தூறிய ஒரு மாலையில் ஏணி வழுக்கிற்று. கடவுள் புண்ணியம், கணுக்கால் வீங்கியதோடு போயிற்று. அன்றிரவு அம்மா தீர்ப்புக் கூறிவிட்டார்.

“இனி ஆரும் உந்த ஏணியிலை ஏறக்கூடாது. இல்லாட்டி உதைக் கழற்றி விறகுக் கொட்டிலுக்குள்ளை போடுங்கோ.”

அம்மம்மா ஒன்றும் பேசவில்லை. மறுநாள் கச்சேரி நேரத்தில், “எனக்கு நித்திரை வருகுது” என்று சொல்லிச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். மார்கழி மாதத்தில், விளக்கு வைக்கும் நேரத்தில் அவருக்கு நித்திரை வந்ததை நாம் அதற்கு முன் கண்டதில்லை.

டிஷ்ஷைத் திருப்பாமலே இரண்டு செய்மதிகளையும் பார்க்கும் வழி இருக்கிறது என்று நாம் கேள்விப்பட்டிருந்தோம். தட்டு ஒன்றுதான், அதன் முன்னால் அலையை வாங்கும் எல்.என்.பி. என்ற கருவி மட்டும் இரண்டு. இது மாயமன்று. டிஷ் என்பது ஒரு குழிவான கண்ணாடியே. நேரே எதிரில் உள்ள செய்மதியின் அலை அதன் நடுக் குவியத்திற் சேரும். சற்றுக் கிழக்கே உள்ள செய்மதியின் அலை சற்று மேற்கே சேரும். அந்த மேற்குப் புள்ளியில் இரண்டாவது எல்.என்.பி.யை நிறுத்தினால் போதும். இரண்டின் வயர்களையும் ஒரு சிறு டைசெக் சுவிட்சில் பூட்டினால், ரிசீவர் அனுப்பும் மின்குறிப்பை அறிந்து அது வேண்டியதைத் தெரிந்து கொடுக்கும்.

நில நடுக்கோட்டின் மேல் 35,786 கிலோமீற்றர் உயரத்தில் செய்மதிகளை நிறுத்தி உலகெங்கும் செய்தி அனுப்பலாம் என்று 1945 இல் எழுதிய ஆதர் சி. கிளார்க், பின்னர் எமது நாட்டிலேயே வந்து குடியேறியவர். 1975 இல் இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனத்தார் கொழும்பிலிருந்த அவர் வீட்டில் ஒரு டிஷ் நிறுவிக் கொடுத்தனர். அவர் வீட்டில் ஏணி யார் பிடித்தார்களோ!

நாம் கணக்கில் இறங்கினோம். முதலிற் குவியத்தூரம் தெரியவேண்டும். தட்டின் விட்டம் 96 அங்குலம். அதன் குறுக்கே கயிறு பிடித்து அளந்தால் நடு ஆழம் 16 அங்குலம். விட்டத்தை அதனாலேயே பெருக்கி, ஆழத்தின் பதினாறு மடங்கால் வகுக்கவேண்டும். 9216 ஐ 256 ஆல் வகுத்தால் 36. இரு செய்மதிகளுக்கும் இடையே பூமியின் மையத்திலிருந்து 10.5 பாகை, நாம் மேற்பரப்பில், அவற்றுக்குச் சற்று அருகில் நிற்பதால், எமக்கு 12 பாகைக்குச் சிறிது மேல். முப்பத்தாறு அங்குலத் தூரத்தில் அது எட்டு அங்குலமாகும். தட்டு ஆழமானதாகையால் இன்னும் ஓரங்குலம் வெளியே தள்ளவேண்டும். ஆக, ஒன்பது.

எல்.என்.பி. விற்ற கடைக்காரத் தம்பி ஓர் அச்சுத்தாளும் தந்திருந்தான். அதிற் கண்டபடி, அலுமினியப் பட்டம் ஒன்றைத் தாங்கிக்கு நேர்கிடையாகப் பூட்டி, மேற்குப் பக்கம் ஒன்பதாம் அங்குலத்தில் இரண்டாவதை நிறுத்தினோம். ஒன்றும் வரவில்லை. எட்டுக்கு இழுத்தோம், பத்துக்குத் தள்ளினோம். கீழே ரிசீவரைப் பார்த்து நின்ற தங்கை, “இல்லை, இல்லை” என்று கூவிக் கூவித் தொண்டை கட்டிக்கொண்டாள். (ஏறக்கூடாதென்ற அம்மா அன்று கோயிலுக்குப் போயிருந்தார்.)

இறங்கி வந்து பிழையைச் சொன்னபோது, கட்டிலிற் கிடந்த அம்மம்மா கேட்டார்: “தம்பி, உந்தத் தாளிலை கிழக்கு மேற்குப் போட்டிருக்கே? வீட்டுக்கு நிலையம் எடுக்கேக்கையும் முதல் கிழக்கைத்தான் பாக்கிறது.”

தாளில் அது இல்லை. அது ஐரோப்பாவுக்காக வரைந்த படம். அங்கே செய்மதிகள் தென்வானில் தாழ நிற்கும்; தட்டும் சுவர்போல நிமிர்ந்திருக்கும்; எல்.என்.பி.களும் ஏறக்குறையக் கிடைவரிசையில் அமையும். யாழ்ப்பாணத்திலோ 83 பாகைச் செய்மதி உச்சியிலிருந்து 12 பாகைதான் சரிந்திருக்கிறது. தட்டு மழைநீர் பிடிக்கும் சட்டிபோல மல்லாந்து, தெற்கிலிருந்து சற்றுக் கிழக்கே சாய்ந்து கிடக்கிறது. அதன் தாங்கி ஒரு பக்கம் பார்க்க, எமது தலைக்கு மேலே செய்மதிகளோ நேர் கிழக்கு மேற்காக அணிவகுத்திருக்கின்றன. இரண்டுக்கும் இடையே 17 பாகை வித்தியாசம். எமது அளவு சரி, திசைதான் பிழை.

எமது குறிச்சிப் பிள்ளையார் கோயில் கிழக்கு நோக்கியது. அதன் வடக்கு மதில் தளத்திலிருந்து நன்றாகத் தெரியும். அந்த மதிலுக்கு இணையாக டிஷ்ஷின் மேலே ஒரு நூலைக் கட்டினோம். அலுமினியப் பட்டத்தை நூலோடு ஒட்டத் திருப்பி, எல்.என்.பி.யைப் பழைய ஒன்பதாம் அங்குலத்திலேயே வைத்து, அதன் முகத்தைத் தட்டின் நடுவுக்குக் காட்டிச் சற்றே திருகினோம். கீழே தங்கையின் குரல் கேட்கவில்லை. அதற்கு முன்பே தம்புராவின் ஒலி கேட்டுவிட்டது.

அம்மம்மா இந்தப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். விரல்கள் போர்வையின் மேல் தாளம் போட்டன. தந்தையார் வீங்கிய காலை நாற்காலியில் நீட்டியபடி, “இது கல்யாணியோ?” என்று கேட்க, “பேசாமல் கேளுங்கோ” என்றார்.

அதன்பின் மூன்று மார்கழிகள் அவர் கேட்டார். ஏணிக்கு வேலையில்லை. மேற்குப் பக்கத்து எல்.என்.பி.யில் காகம் வந்து குந்தும்போது மட்டும் பாடகரின் முகம் சதுரஞ் சதுரமாக உடையும். உடனே அறைக்குள்ளிருந்து குரல் வரும்: “ஆராவது ஓடிப்போய் அந்தக் காகத்தைக் கலையுங்கோ!”