பயத்துக்கு மருந்து: மூணு குல்லும் ஒரு மாத்திரைச் சீட்டும்

1/
"டாக்டர், எனக்கு யாரோ ஏதோ செஞ்சு வச்சிருக்காங்க."

ஓ.பி.யில் மாசத்துக்கு ரெண்டு மூணு பேராவது இதைச் சொல்றாங்க. எல்லா மதத்துக்காரங்களும்தான். ஆனா ஒரு முஸ்லிம் சொல்லும்போது எனக்குக் கொஞ்சம் கூடுதலா உறுத்தும். ஐவேளை ஃபர்ளுத் தொழுகையில் மட்டும் 17 ரக்அத். 17 தடவையும் அல்லாஹ்விடம் மட்டுமே உதவி கேட்பதாகச் சொல்றோம். அப்புறமும் இந்தப் பயம் ஏன்?

2/
ஒரு சகோதரி வந்தாங்க. (அடையாளம் தெரியாம இருக்க சில விவரங்களை மாத்தியிருக்கேன்.) படபடப்பு, கை நடுக்கம், தூக்கமில்லை. நல்லா சாப்பிட்டும் நாலு மாசத்துல 7 கிலோ குறைஞ்சிருக்கு.

கழுத்துல ரெண்டு தாயத்து, இடுப்புல ஒண்ணு. வாசப்படிக்குக் கீழ தகடு. செலவு 15,000 ரூபாய்.

தகடு கொடுத்தவர், "உங்க சொந்தத்துலயே ஒரு பொம்பளதான் செஞ்சிருக்கா"ன்னு சொல்லிட்டார். சந்தேகம் நேரா நாத்தனார் மேல விழுந்துச்சு. ஒரே தெருவுல இருந்தும் பேச்சுவார்த்தை நின்னுபோச்சு.

3/
நாடித்துடிப்பு 120-ஐத் தாண்டி இருந்தது. ரத்தம் பார்த்தோம். டி.எஸ்.ஹெச் அடிமட்டத்துல, டி4 ரொம்ப அதிகம்.

தைராய்டு அளவுக்கு மீறி சுரந்தா இதயம் வேகமா அடிக்கும், உடம்பு இளைக்கும், கை நடுங்கும், தூக்கம் போகும். காரணமே இல்லாம மனசு பதறும். அவங்க சொன்ன அத்தனை தொந்தரவுக்கும் காரணம் கழுத்துல இருந்த அந்தச் சின்னச் சுரப்பிதான்.

கார்பிமசோல் ஆரம்பிச்சேன். படபடப்புக்கு ப்ரோப்ரனலால்.

4/
ரெண்டு மாசத்துல துடிப்பு சீராச்சு. எடை ஏறிச்சு. அல்ஹம்துலில்லாஹ்.

ஆனா பயம் போகல.

"உடம்பு சரியாயிருச்சு டாக்டர். ஆனா அவ மறுபடியும் ஏதாவது செஞ்சுட்டா?"

இந்தக் கேள்விக்கு என் மாத்திரைச் சீட்டில் பதில் இல்லை.

5/
சூனியம்னு ஒண்ணு கிடையவே கிடையாதுன்னு நான் சொல்ல வரல. குர்ஆனே அதைப் பத்திப் பேசுது. ஆனா அதே இடத்துல (2:102) அல்லாஹ்வின் அனுமதியில்லாம அதைக் கொண்டு யாருக்கும் எந்தத் தீங்கும் செய்ய முடியாதுன்னும் சேர்த்தே சொல்லுது. நாம முதல் பாதியை மனசுல இறுக்கிப் பிடிச்சுக்கிட்டோம். ரெண்டாவது பாதி கைநழுவிப் போச்சு.

தாயத்து கூடுமா கூடாதான்னு தீர்ப்பு சொல்றது ஆலிம்கள் வேலை. நான் அதுக்குள்ள போகல.

6/
"ராத்திரி படுக்கும்போது என்னம்மா ஓதுவீங்க?"
"மூணு குல்லும் ஓதுவேன் டாக்டர். சின்ன வயசுல உம்மா சொல்லித் தந்தது."
"அர்த்தம்?"
சிரிச்சாங்க. தெரியல.

நம்மில் பாதிப்பேர் நிலைமை இதுதான்.

7/
சூரா ஃபலக்கில் நாலு தீமைகளிலிருந்து பாதுகாப்புத் தேடுறோம்: படைப்புகளின் தீங்கு, கவியும் இருள், முடிச்சுகளில் ஊதுபவர்கள், பொறாமைக்காரன். இந்த நாலுக்கும் சேர்த்து அல்லாஹ்வை ஒரே ஒரு பண்பைச் சொல்லித்தான் அழைக்கிறோம்: அதிகாலையின் ரப்பு.

அடுத்த சூரா நாஸ் அப்படியே தலைகீழ். அங்கே தீமை ஒண்ணே ஒண்ணு, நெஞ்சுக்குள் ஊசலாட்டம் போடுறவன். அதுக்கு மூணு பண்புகளைச் சொல்லி அழைக்கிறோம்: மனிதர்களின் ரப்பு, அரசன், வணக்கத்துக்குரியவன்.

வெளியே இருக்கும் சூனியக்காரனைவிட உள்ளே இருக்கும் சந்தேகம் பெரிய ஆபத்துன்னு எனக்கு இதிலிருந்து புரியுது. அந்தச் சகோதரி வீட்டுல நடந்ததும் அதுதான். சூனியம் பிரிச்சதோ இல்லையோ, சந்தேகம் குடும்பத்தைப் பிரிச்சிருச்சு.

8/
இன்னொண்ணும் சொன்னேன். "செஞ்சவ யாரு, எங்க வச்சா, எத்தனை நாளைக்கு வேலை செய்யும்னு எல்லாம் விசாரிச்சு வச்சிருக்கீங்க. உங்களைக் காப்பாத்துறவனைப் பத்தி எவ்வளவு விசாரிச்சீங்க?"

தெரியாத ஒருத்தர் மேல யாருக்கும் முழு நம்பிக்கை வராது. அல்லாஹ்வை அறியாம தவக்குல் வராது. ஆயத்துல் குர்ஸியின் பெரும்பகுதி அவன் யார்னுதான் சொல்லுது: அவனுக்குத் தூக்கமோ அசதியோ இல்லை. அதைப் புரிஞ்சு ஓதினாத்தான் நமக்குத் தூக்கம் வரும்.

9/
"அப்போ ஓதினா நோயே வராதா?"

வரும். மூணு சூராக்களை ஓதி, கையில் ஊதி, உடம்பில் தடவிக்கொள்ளும் வழக்கம் நபி (ஸல்) அவர்களுடையது. அவர்களும் கடைசிக் காலத்தில் கடும் காய்ச்சலில் கிடந்தார்கள். அப்போது ஆயிஷா (ரலி) ஓதி, நபியின் கையாலேயே தடவிவிட்டார்கள். அந்த நோயில்தான் வஃபாத்.

பாதுகாப்புன்னா எதுவுமே நடக்காதுங்கிற உத்தரவாதம் இல்லை. எது நடந்தாலும் அவன் கையை விட்டு நாம வெளியே போயிடலைங்கிற உறுதி.

10/
அதுக்காக மருந்தை விடணுமா? கூடாது.

கி.பி. 639 வாக்கில் சிரியாவில் அம்வாஸ் கொள்ளைநோய். பயணத்திலிருந்த உமர் (ரலி) செய்தி கேட்டுத் திரும்ப முடிவெடுத்தார்கள். அல்லாஹ்வின் விதியிலிருந்து ஓடுகிறீர்களான்னு அபூ உபைதா (ரலி) கேட்டார்கள். ஆமாம், அல்லாஹ்வின் விதியிலிருந்து அல்லாஹ்வின் விதிக்கேதான் போகிறோம்னு உமர் பதில் சொன்னார்கள்.

நோயும் அவன் விதி. கார்பிமசோலும் அவன் விதி. ஒட்டகத்தைக் கட்டாம விட்டுட்டு தவக்குல் பேசுறதை நபி (ஸல்) ஏற்கல.

11/
அந்தச் சகோதரி ஒரே நாளில் மாறல. அர்த்தம் எழுதிய தாளைத் தலையணைக்குப் பக்கத்துல வச்சு ஓதினாங்க. மூணு, நாலு ரிவ்யூ கழிச்சு வந்தப்போ சொன்னாங்க: "நோன்புப் பெருநாளைக்கு நாத்தனார் வீட்டுக்குப் பிரியாணி கொடுத்துவிட்டேன் டாக்டர். பாத்திரம் வட்டலப்பத்தோட திரும்பி வந்துச்சு."

12/
சுருக்கமா:
✅ படபடப்பு, எடை குறைவு, தூக்கமின்மை, வலிப்பு எதுவா இருந்தாலும் முதல்ல டாக்டரைப் பாருங்க.
✅ ஓதுறதையும் விடாதீங்க. அர்த்தம் தெரிஞ்சு ஓதுங்க.
✅ "சரியாயிருச்சு"ன்னு நீங்களா மாத்திரையை நிறுத்தாதீங்க.
❌ சொந்தக்காரங்க மேல பழி போட்டுக் காசு வாங்குறவர் வாசலை மிதிக்காதீங்க. அவர் விக்கிறது பாதுகாப்பு இல்லை, பயம்.

அல்லாஹ் நம் எல்லோருக்கும் ஆஃபியத்தைத் தரட்டும். உங்க வீட்டுலயும் இப்படி ஒரு பயம் இருந்தா, இதை உட்கார்ந்து வாசிச்சுக் காட்டுங்க.

வஸ்ஸலாம்.