சுட்டது எது? கெட்டது எது?



சென்ற பிப்ரவரி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நம் சங்கக் கூட்டம் முடிந்து எல்லோரும் தேநீர் அருந்திக்கொண்டிருந்தபோது, நான் ஒரு தம்பியைக் கடிந்து பேசினேன். உங்களில் பதினைந்து பேராவது அதைக் கேட்டிருப்பீர்கள். "உன் சார்ஜரை மாட்டித்தானே என் மடிக்கணினியைக் கொன்றாய்?" என்று கேட்டேன். அவன் முதலாண்டு மாணவன். விருதுநகர்ப் பக்கத்திலிருந்து வந்தவன். "அண்ணே, சார்ஜரை மாட்டினேன், அவ்வளவுதாண்ணே. வேற ஒண்ணும் செய்யலைண்ணே" என்றான். அதற்குமேல் அவன் வாய் திறக்கவில்லை. அடுத்த ஞாயிறு அவன் கூட்டத்துக்கு வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை.

அந்த மடிக்கணினி என்ன ஆயிற்று என்பதையே இங்குச் சொல்ல வந்தேன்.

அது என் தந்தையார் வாங்கித் தந்தது. கோவில்பட்டியில் ஒரு நூற்பாலையில் வேலை பார்க்கும் அவர், நான் கல்லூரியில் சேர்ந்த ஆண்டு பன்னிரண்டு தவணையில் பணம் கட்டி அதை வாங்கினார். டில்லிக்கு நான் வந்தபோது என்னோடு வந்த பொருள்களில் விலை மதிப்புடையது அது ஒன்றுதான். அன்று மாலை அந்தத் தம்பி ஒரு கட்டுரை தட்டெழுத வேண்டும் என்று கேட்டான், கொடுத்தேன். என் சார்ஜர் சோதனைச்சாலையில் இருந்தது. அவன் தன் அறையிலிருந்த சார்ஜரை மாட்டினான். பத்து நிமிடத்தில் திரை அணைந்தது. பிறகு எந்தப் பொத்தானை அழுத்தியும் அது உயிர் பெறவில்லை.

என் ஆய்வேட்டை ஒப்படைக்க மூன்று வாரமே இருந்தது. முதலில் நெஞ்சு பதறினாலும் ஒரு நல்ல காரியம் செய்தேன். அடிமூடியைத் திறந்து, பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டு, எழுதியவை எல்லாம் சேமிக்கப்பட்டிருக்கும் எஸ்.எஸ்.டி. தகட்டைத் தனியே எடுத்தேன். அதை ஒரு சிறு உறையில் பொருத்தி நண்பர் ஒருவரின் கணினியில் செருகியபோது, எழுதியது எல்லாம் அப்படியே இருந்தது. மடிக்கணினி இறந்தால் எழுத்தும் இறந்தது என்று பலர் எண்ணுகிறோம். அது எப்போதும் உண்மையன்று. எழுத்து பிழைத்தது. கணினியைப் பிழைப்பிக்க வேண்டியிருந்தது.

மறுநாள் மெட்ரோ ஏறி நேரு பிளேஸ் கணினிச் சந்தைக்குப் போனேன். ஒரு கடையில் சார்ஜரை மாட்டிப் பார்த்தார்கள். விளக்கு ஒரு கணம் மின்னி அணைந்தது, மறுபடி மின்னியது, மறுபடி அணைந்தது. மின்சாரம் நுழையும் வாயிலுக்கு அருகே ஒரு சிறிய கறுப்புச் சில்லு விரல் வைக்க முடியாதபடி சுட்டது. "இதுதான் போய்விட்டது" என்றார் கடைக்காரர். அதைப் பெயர்த்துவிட்டுப் புதியதை வைத்தார். புதியதும் அதேபோலச் சுட்டது. "அப்படியானால் தாய்ப்பலகையே போய்விட்டது, மாற்றத்தான் வேண்டும்" என்று சொல்லி ஒரு தொகையும் சொன்னார். அது என் மூன்று மாதச் சாப்பாட்டுச் செலவு. கழற்றிய பழைய சில்லைக் காகிதத்தில் மடித்துக் கையில் கொடுத்து அனுப்பினார்.

அன்று இரவு எனக்கு ஏற்பட்ட கோபம் முழுவதும் தம்பியின் மேல் திரும்பியது. அதைத்தான் ஞாயிற்றுக்கிழமை நீங்கள் கேட்டீர்கள்.

எங்கள் துறைச் சோதனைச்சாலையில் ஓர் உதவியாளர் இருக்கிறார். ஓய்வுபெற இன்னும் ஓராண்டே இருக்கிறது. மாணவர் எல்லோரும் அவரைப் பாபுஜி என்றே அழைப்போம். அவரிடம் போய் நடந்ததைச் சொன்னேன். அவர் தாய்ப்பலகையைத் தொடவில்லை. முதலில் அந்தக் காகிதத்தைப் பிரித்துப் பழைய சில்லை மல்டிமீட்டரில் சோதிக்கச் சொன்னார். சோதித்தேன். அது நன்றாகவே இருந்தது! ஒரு பழுதும் இல்லை.

"சுட்டது என்பதற்காகத் தண்டித்துவிட்டார்கள்" என்று இந்தியில் சொல்லிச் சிரித்தார்.

அந்தச் சில்லின் பெயர் மாஸ்ஃபெட். 1959இல் அமெரிக்காவில் பெல் ஆய்வுக்கூடத்தில் அட்டல்லா, காங் என்னும் இருவர் கண்ட டிரான்சிஸ்டர் வகை அது. இன்று உலகில் மிகுதியாகச் செய்யப்படும் மின்னணுக் கருவியும் அதுவே. மடிக்கணினியில் அது ஒரு கதவுபோல நிற்கிறது. சார்ஜரிலிருந்து வரும் 19 வோல்ட்டை உள்ளே விடுவதும் தடுப்பதும் அதன் வேலை. முழுதும் திறந்திருக்கும்போது அதன் தடை மிகக் குறைவு. ஆகவே சூடும் குறைவு. முழுதும் மூடியிருக்கும்போது மின்சாரமே ஓடாது. ஆகவே சூடு இல்லை. பாதி திறந்து நிற்கும்போதுதான் அதற்குத் துன்பம்.

1841இல் ஜூல் என்னும் அறிஞர் வெளியிட்ட விதியை நாம் பள்ளியிலேயே படித்தோம். மின்னோட்டத்தின் இருமடியைத் தடையால் பெருக்கினால் வெப்பம் தோன்றும் அளவு வரும். ஒரே பாதையில் ஓடும் மின்னோட்டம் எங்கும் ஒன்றே. ஆனால் எந்த இடத்தில் தடை மிகுதியோ அந்த இடமே மிகுதியாகச் சுடும். உள்ளே எங்கோ ஒரு பொருள் உடைந்து, மின்சாரம் நேரே தரைக்கம்பிக்குப் பாய வழி விட்டிருக்கிறது. கதவு மெல்லத் திறக்கத் தொடங்குகிறது; உள்ளே வெள்ளம்போல் இழுப்பதை உணர்ந்து காவல் சுற்று அதை மூடச் செய்கிறது; சிறிது பொறுத்து மீண்டும் திறக்கச் செய்கிறது. ஒவ்வொரு முறையும் பாதி திறந்த நிலையில் சுமையைத் தாங்கியது மாஸ்ஃபெட். சுட்டது அது, கெட்டது வேறொன்று.

பேட்டரியும் சார்ஜரும் இல்லாத நிலையில், அந்த 19 வோல்ட் பாதைக்கும் தரைக்கும் இடையே தடையை அளந்தேன். பல ஆயிரம் ஓம் இருக்க வேண்டிய இடத்தில் 0.4 ஓம் காட்டியது. நான் துள்ளிக் குதித்து, மையச் செயலிக்கு அருகிலுள்ள சுருள்களிலும் அளந்து, "இங்கேயும் ஓரிரண்டு ஓம்தான், இதுவும் கெட்டுவிட்டது" என்றேன். பாபுஜி கையமர்த்தினார். செயலியின் மின்பாதையில் இயல்பாகவே தடை அவ்வளவு குறைவாக இருக்குமாம். நல்லதையும் கெட்டது என்று சொல்ல நான் எவ்வளவு விரைகிறேன் என்று அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

பிறகு அவர் மேசைமீதிருந்த மின்வழங்கியை 1 வோல்ட்டுக்குக் குறைத்தார். 3 ஆம்பியருக்கு மேல் போகாதபடி எல்லை வைத்தார். 19 வோல்ட்டுக்குப் பழகிய பாதையில் 1 வோல்ட் எதையும் கெடுக்காது. மாஸ்ஃபெட்டைத் தாண்டி, கெட்டுப்போன பாதையிலேயே நேராக அதைக் கொடுத்தோம். 2.5 ஆம்பியர் ஓடியது. அப்படியானால் இரண்டரை வாட் வெப்பம் எங்கேனும் வெளிப்பட்டாக வேண்டும். பலகையின் மேல் ஐசோபுரோப்பைல் ஆல்ககாலைத் தூரிகையால் தடவினோம். பலகை முழுதும் ஈரமாய்ப் பளபளத்தது. ஐந்தாறு நொடிக்குள் ஒரே ஓர் இடம் மட்டும் உலர்ந்தது. அங்கே இருந்தது எள்ளைவிடச் சற்றுப் பெரிய ஒரு பழுப்புநிற மின்தேக்கி. பீங்கான் அடுக்குகளால் ஆனது.

அதைச் சூடுகாட்டிப் பெயர்த்தோம். மல்டிமீட்டரில் 0.4 ஓம் மறைந்து ஆயிரக்கணக்கில் ஏறியது. பழைய பலகை ஒன்றிலிருந்து, அதே கொள்ளளவும் 25 வோல்ட் தாங்கும் திறனும் உடைய மின்தேக்கியை எடுத்துப் பொருத்தினோம். பேட்டரியை இணைத்து என் சார்ஜரைச் செருகினேன். விளக்கு எரிந்தது, எரிந்துகொண்டே இருந்தது. விரலை மாஸ்ஃபெட்டின் மேல் வைத்தேன். குளிர்ந்திருந்தது.

நான் மகிழ்ச்சியில் இருந்தேன். பாபுஜியோ பெயர்த்த மின்தேக்கியை உருப்பெருக்கியின் கீழ் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னையும் பார்க்கச் சொன்னார். அதன் ஒரு முனையிலிருந்து சாய்வாக ஒரு விரிசல் ஓடியது. "பலகை வளைந்தால் பீங்கான் இப்படித்தான் வெடிக்கும். திருகாணிக்குப் பக்கத்தில் இருந்தது, பார்த்தாயா? வெடித்த அன்றே கெடாது. நாள் செல்லச் செல்லத்தான் கெடும். இதை எங்கேயாவது கீழே போட்டாயா?" என்று கேட்டார்.

கணினியின் அந்த மூலையில் ஒரு நசுங்கல் இருந்தது. அது எப்படி வந்தது என்று எனக்குத் தெரியும். பொங்கல் விடுமுறை முடிந்து தமிழ்நாடு எக்ஸ்பிரசில் திரும்பியபோது, நாகபுரி தாண்டிய இரவில், மேல்படுக்கையில் நான் சரியாக வைக்காத பை கீழே விழுந்தது. அப்போது கணினியைத் திறந்து பார்த்தேன், ஓடியது, மறந்துவிட்டேன்.

சோதனைச்சாலையை விட்டு வெளியே வந்ததும் விடுதியில் தம்பியின் அறைக்குப் போனேன். அவனுடைய சார்ஜரைக் காட்டச் சொன்னேன். அதன்மேல் 19 வோல்ட், 3.42 ஆம்பியர் என்று அச்சிட்டிருந்தது. என் சார்ஜரிலும் அதே எண்கள்தாம். ஞாயிற்றுக்கிழமை வாய் திறக்குமுன் அதைத் திருப்பிப் பார்க்க எனக்கு அரை நிமிடம் போதும். பௌதிகம் படிக்கிறவன் அந்த அரை நிமிடத்தைச் செலவிடவில்லை.

"தம்பி, தவறு என்னுடையது. பையைக் கீழே போட்டவன் நான்" என்றேன்.

அவன் சிறிது நேரம் பேசாமல் இருந்தான். பிறகு, "இப்ப ஓடுதாண்ணே?" என்று கேட்டான்.

"ஓடுகிறது."

"நான் அப்பாகிட்டச் சொல்லிட்டேண்ணே. பணம் அனுப்பறேன்னு சொல்லியிருந்தாரு" என்றான்.

நண்பர்களே, அந்தச் சொல்லைத்தான் என்னால் இன்னும் தாங்க முடியவில்லை. விருதுநகர்ப் பக்கத்தில் யாரோ ஒரு தகப்பனார், தம் மகன் செய்யாத பிழைக்காக, என் தந்தையைப்போலவே தவணைக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்திருக்கிறார். அன்றிரவே அவருக்குத் தொலைபேசியில் பேசி மன்னிப்புக் கேட்டேன். "நல்லா இருங்க தம்பி" என்றார், அவ்வளவுதான்.

இதை ஏன் பத்திரிகையில் எழுத வேண்டும் என்று அந்தத் தம்பியே என்னைக் கேட்டான். பழியைப் பதினைந்து பேர் நடுவில் சொன்னேன். அதை ஓர் அறைக்குள் திரும்பப் பெற்றுக்கொள்வது நேர்மையாகாது. ஆகையால் அன்று தேநீர் மேசையில் இருந்தவர்கள் இதைப் படிக்க வேண்டும். வரும் ஞாயிறு அவன் கூட்டத்துக்கு வருகிறான். அவனுக்குத் தேநீர் எடுத்துக் கொடுப்பவன் நானாக இருப்பேன்.