பட்ட கிளையும் பக்கக் கிளையும்

எங்கள் அன்னையார் பக்கவாதத்தால் வீழ்ந்தபோது, "மூளையில் மடிந்த அணு மடிந்ததுதான், இனி எதையும் எதிர்பார்க்காதீர்கள்" என்று மருத்துவர் ஒருவர் கூறிவிட்டார். அதனை வேதவாக்காகக் கொண்டு முதல் இரு மாதங்களை நாங்கள் வாளா கழித்தோம். வலக்கை அசைவற்றுக் கிடந்தது. 'தண்ணீர்' என்னும் சொல் நாவில் எழாமல் அன்னையார் கண்ணீர் உகுத்தார். பணிவிடையில் குறை வைக்கவில்லை, பயிற்சிதான் தரவில்லை.

அம்மருத்துவர் கூற்று நெடுங்காலம் விஞ்ஞானத்தின் கூற்றாகவே இருந்தது. 1906-இல் நோபல் பரிசு பெற்ற ஸ்பெயின் நாட்டு அறிஞர் ரமோன் இ கஹால், வளர்ந்த மூளையில் நரம்பணுக்கள் புதிதாகத் தோன்றா என்றே கருதினார். 1960-களில் அமெரிக்காவில் ஜோசப் ஆல்ட்மன் வளர்ந்த எலியின் மூளையில் புதிய நரம்பணுக்களைக் கண்டார். அதனைப் பொருட்படுத்தியவர் சிலரே. 1998-இல் ஸ்வீடன், அமெரிக்க ஆய்வாளர்கள், புற்றுநோயால் இறந்த ஐவரின் மூளையில், நினைவாற்றலுக்குத் துணைபுரியும் ஹிப்போகாம்பஸ் பகுதியில் அத்தகைய அணுக்களைக் கண்டனர். 2018-இல் ஓர் ஆய்வு இதனை மறுத்தது. அதே ஆண்டில் மற்றோர் ஆய்வு, முதியோரிடமும் அவை உண்டு என்றது. வாதம் இன்னும் ஓயவில்லை.

காயமுற்ற மூளையில் நிகழ்வது யாது? 2002-இல் ஸ்வீடனின் லண்ட் நகரத்து அறிஞர்கள், பக்கவாதம் உண்டாக்கப்பட்ட எலிகளை ஆராய்ந்தனர். மூளையின் உட்குழி ஓரத்தில் பிறந்த இளம் அணுக்கள், சேதமுற்ற இடம் நோக்கிப் பெயர்ந்து சென்றன. ஆயின் பெரும்பாலானவை சில வாரங்களில் மடிந்தன. இறந்தவற்றுக்கு ஈடாக நிலைத்தவை நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை. சென்ற இடத்தில் சுற்றத்தோடு இணைப்புப் பெறாத அணு நெடிது வாழ்வதில்லை. ஊர் பெயர்ந்து வந்த நமக்கு இது விளங்காத செய்தியன்று.

ஆகவே நோயாளர் மீள்வது பெரும்பாலும் புதிய அணுக்களால் அன்று. எஞ்சிய பழைய அணுக்களே புதிய கிளைகளை நீட்டி, புதிய இணைப்புகளை உண்டாக்கிக்கொள்கின்றன. அவற்றை உறுதிப்படுத்துவது ஓயாத பயிற்சி. அதன் பயன் முதற்சில மாதங்களிலேயே மிகுதி. அம்மாதங்களில் இரண்டை நாங்கள் இழந்தோம்.

பின்னர், பயிற்சியாளர் சொற்படி, அன்னையார் முன் இரு கிண்ணங்களை வைத்தோம். புளியங்கொட்டைகளை ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற்ற வேண்டும். பத்துக் கொட்டைக்கு அரைமணி நேரம் ஆயிற்று. இடையிடையே பொருள்களைக் காட்டிப் பெயர் சொல்லச் செய்தோம். ஓராண்டு கழிந்து ஒரு காலையில், "தண்ணி" என்றார். வீடே எழுந்து ஓடிற்று.

வலக்கை முழுதும் மீளவில்லை. பட்ட கிளை தளிர்க்கவில்லை. பக்கக் கிளை படர்ந்தது. நம் சங்கத்துக் குடும்பங்களில் எவர்க்கேனும் இத்துன்பம் நேரின், மருத்துவர் இசைந்த நாளிலேயே பயிற்சியைத் தொடங்குங்கள். எங்களைப் போல் காத்திராதீர்கள்.