நான் எரித்த பாகு

திருவதிகைக்குப் போகிறவர்கள் சாதாரணமாக வீரட்டானேசுவரரைத் தரிசிக்கப் போவார்கள். நான் போனது பனைவெல்லம் வாங்க! இதை ஒளிவு மறைவில்லாமல் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

சென்னையில் எங்கள் தெருமுனைக் கடையில் 'அசல்' என்று சத்தியம் செய்து கொடுத்த பனைவெல்லத்தை என் மனைவி நாக்கில் வைத்துப் பார்த்தாள். "சர்க்கரைக்குக் கறுப்புச் சட்டை மாட்டியிருக்கிறார்கள்" என்று தீர்ப்பும் சொன்னாள். அதோடு விட்டாளா? "உங்கள் பெரியம்மா வீட்டுக் கொல்லையில் எட்டுப் பனை நிற்கிறது. பேனாவைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போகிறீர்களே, ஒரு நடை அங்கே போய் இரண்டு கிலோ வாங்கி வரக் கூடாதா?" என்றாள்.

நியாயமான கேள்வி. பங்குனி மாதத்தில் ஒரு சனிக்கிழமை பண்ணுருட்டிக்கு டிக்கெட் எடுத்துவிட்டேன். அங்கிருந்து திருவதிகை கூப்பிடு தூரம்.

பெரியம்மாவுக்கு எழுபது வயது தாண்டிவிட்டது. கொல்லையில் மண்ணைத் தோண்டிக் கட்டிய ஓர் அடுப்பு. அதன்மேல் ஓர் ஆள் உட்காரக்கூடிய அகலத்தில் இரும்புச் சட்டி. பக்கத்தில் காய்ந்த பனைமட்டையும் முந்திரி விறகும். இதுதான் அவளுடைய சர்க்கரை ஆலை. கெடிலக் கரையில், இதே சாலையில் கடலூர்ப் பக்கம் போனால், நெல்லிக்குப்பத்தில் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே பெரிய சர்க்கரை ஆலை வந்துவிட்டது. பெரியம்மாவின் ஆலைக்கு அதனால் ஒன்றும் அவமானமில்லை. இங்கே புகைபோக்கிதான் கிடையாது. புகையெல்லாம் அவள் கண்ணுக்குத்தான்.

மரங்கள் பெரியம்மாவுடையவை. ஏறுகிறவர் ஒரு பெரியவர். அவருக்கும் அறுபதுக்கு மேல் இருக்கும். இருவருக்கும் வெகு நாளைய ஏற்பாடு ஒன்று உண்டு. ஒரு நாள் பதநீர் மரத்துக்காரருக்கு, மறு நாள் பதநீர் ஏறுகிறவருக்கு. எங்கள் முறையில் பெரியம்மா காய்ச்சுவாள். அவர் முறையில் அவர் மனைவி வந்து அதே அடுப்பில் காய்ச்சுவாள். எழுத்து இல்லை, கையெழுத்து இல்லை. இத்தனை வருஷத்தில் ஒரு சச்சரவும் வந்ததில்லை.

பெரியவர் காலில் தளைநாரை மாட்டிக்கொண்டு காலையிலும் மாலையிலும் எட்டு மரமும் ஏறுகிறார். பாளையின் நுனியை மெல்லியதாகச் சீவி, கலயத்தைக் கட்டிவிட்டு இறங்குகிறார். சீவாமல் ஒரு நாள் விட்டால் பாளை அடைத்துக்கொள்ளும். ஆகையால் ஞாயிற்றுக்கிழமை லீவு என்கிற பேச்சே இல்லை. கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவினால் இறங்குவது பதநீர். தடவாவிட்டால் அதுவே சில மணி நேரத்தில் புளித்துக் கள். தொழிலுக்கும் குற்றத்துக்கும் நடுவே தமிழ்நாட்டில் இருப்பது அந்த விரல் அளவு சுண்ணாம்புதான்!

நான் போய்ச் சேர்ந்த மறுநாள் பெரியவருடைய முறை. சுமார் இருபது லிட்டர் பதநீர் வந்தது. அவர் மனைவி பேரக் குழந்தைக்கு ஜுரம் என்று ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தாள். "நீ போய்ட்டு வா. சட்டியை நான் பார்த்துக்கிறேன்" என்று பெரியம்மா அவளை அனுப்பியிருந்தாள்.

துணியில் வடிகட்டிச் சட்டியில் ஊற்றியதும் பெரியம்மா மட்டையைத் தள்ளித் தீயை ஏற்றினாள். பதநீரில் பத்தில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் கூடுதலாகத்தான் இனிப்பு, மற்றதெல்லாம் தண்ணீர். அந்தத் தண்ணீரை ஆவியாக விரட்டுவதுதான் வேலையெல்லாம். இருபது லிட்டர் காய்ந்தால் இரண்டு கிலோ வெல்லம் கிடைக்கும். முதலில் வெள்ளையாக நுரை பொங்கியது. பெரியம்மா ஓர் ஆமணக்கு விதையை நசுக்கிப் போட்டாள். நுரை, அதட்டல் கேட்ட குழந்தை மாதிரி அடங்கிவிட்டது! பிறகு நிறம் தேன் ஆயிற்று. தேன் செம்மண் ஆயிற்று. இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகியும் அவள் துடுப்பைக் கீழே வைக்கவில்லை.

பாகு நெருங்கும் சமயம். வெல்லம் வார்க்கக் கொட்டாங்கச்சிகள் நாலு வீடு தள்ளி இருந்தன.

"பத்து நிமிஷம் பார்த்துக்கடா. அடியைத் தொட்டுக் கிளறிக்கிட்டே இரு. பெரிய குமிழா வந்து 'பொளக் பொளக்'னு சத்தம் கேட்டா விறகை வெளியே இழுத்துடு. கையை மட்டும் எடுக்காதே" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

பி.ஏ. படித்தவன், பன்னிரண்டு வருஷமாகப் பத்திரிகை ஆபீஸில் குப்பை கொட்டுகிறவன். ஒரு சட்டியைக் கிளற மாட்டேனா? கம்பீரமாகத் துடுப்பைப் பிடித்தேன். அப்போதுதான் செல்போன் மணி அடித்தது.

அழைத்தவள் கனடாவில், டொராண்டோவுக்குப் பக்கத்தில் குடியிருக்கும் என் தங்கை. இங்கே காலை பத்து என்றால் அங்கே நள்ளிரவு. "இந்நேரத்தில் தூங்காமல் என்னம்மா செய்கிறாய்?" என்றேன். போனில் படத்தைத் திருப்பிக் காட்டினாள். என்ன ஆச்சரியம்! அவள் வீட்டுக் கொல்லையிலும் ஓர் அடுப்பு. அதன்மேல் அகலமான தட்டுச் சட்டி. அதிலும் ஏதோ கொதிக்கிறது. சுற்றிலும் பனி.

"மேப்பிள் பால் அண்ணா! பக்கத்து வீட்டு மாமி சொல்லிக்கொடுத்தாள்" என்றாள்.

அந்த மரத்தில் யாரும் ஏறுவதில்லையாம். குளிர்காலம் முடிகிற சமயம், இரவில் உறைந்து பகலில் இளகும் சில வாரங்களில், அடிமரத்தில் துளை போட்டு ஒரு குழாயைச் செருகி வாளியை மாட்டிவிடுகிறார்கள். நின்ற இடத்திலேயே சொட்டுகிறது. ஆனால் அதில் இனிப்பு நூற்றுக்கு இரண்டு பங்குதான். நாற்பது லிட்டர் காய்ச்சினால் ஒரு லிட்டர் பாகு! நமக்கு ஏறுவதில் கஷ்டம். அவர்களுக்குக் காய்ச்சுவதில் கஷ்டம்.

"சுண்ணாம்பு போடுவீர்களா?" என்று கேட்டேன்.

"எதற்கு? குளிரில் அது சீக்கிரம் புளிக்காதே! நுரை பொங்கினால் மட்டும் ஒரு துளி வெண்ணெய் விடுவோம்."

அங்கே வெண்ணெய், இங்கே ஆமணக்கு! எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. இதை வைத்து ஒரு கட்டுரையே எழுதிவிடலாம் என்று தோன்றியது. "கொஞ்சம் இரு, குறித்துக்கொள்கிறேன்" என்று துடுப்பைச் சட்டியில் சாய்த்துவிட்டுப் பென்சிலைத் தேடினேன்.

தங்கை பேச்சினிடையே ஒரு விநாடிகூடக் கரண்டியை விடவில்லை. அதை இப்போது நினைக்கிறேன், அப்போது கவனிக்கவில்லை. 'பொளக் பொளக்' என்ற சத்தம் என் காதில் விழத்தான் விழுந்தது. அது கனடாவிலிருந்து வருகிறது என்று நினைத்துக்கொண்டேன்!

புகை மூக்கில் ஏறியபோதுதான் திரும்பினேன். சட்டியின் நடுவில் கறுப்பாக ஒரு குளம். விறகை இழுத்தேன், துடுப்பை அழுத்தினேன், அது அடியோடு ஒட்டிக்கொண்டு வர மறுத்தது. வாசனை என்று சொல்ல முடியாது, நாற்றம்.

திருவதிகை, சிவபெருமான் திரிபுரம் எரித்த தலம். அவர் சிரித்தே எரித்தார் என்பார்கள். நான் எரித்ததைப் பார்த்து வேலிக்கு அப்பால் நின்ற பிள்ளைகள் சிரித்தார்கள்.

பெரியம்மா சிரிக்கவில்லை. கொட்டாங்கச்சிகளைக் கீழே வைத்துவிட்டுச் சட்டியைப் பார்த்தாள். என்னைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். "இன்னைக்கு நம்ம முறை இல்லைடா" என்றாள். அவ்வளவுதான். திட்டியிருந்தால் தேவலை.

அப்புறம்தான் எனக்குக் கணக்குப் புரிந்தது. எட்டு மரம், இரண்டு வேளை, பதினாறு ஏற்றம். மரம் அறுபது அடி என்று வைத்தாலும் ஏறக்குறைய ஆயிரம் அடி. அறுபது வயது தாண்டிய ஒரு மனிதரின் ஆயிரம் அடியை நான் பென்சில் தேடிய நேரத்தில் கரியாக்கிவிட்டேன்.

பெரியவர் சாயங்காலம் ஏற வந்தார். பர்ஸை எடுத்து நீட்டினேன். அவர் சட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "வச்சுக்குங்க தம்பி. அடி பிடிக்கிறது எல்லார்க்கும் உள்ளதுதான். என் சம்சாரமே கல்யாணம் ஆன புதுசுல மூணு சட்டி தீய்ச்சா" என்று சொல்லிவிட்டுத் தளைநாரைக் காலில் மாட்டினார்.

"நாளைப் பதநீரும் உங்களதுதான்" என்றாள் பெரியம்மா, அண்ணாந்து பார்த்து. பெரியவர் ஏதோ மறுத்துச் சொன்னார். "முறைன்னா முறைதான்" என்று அவள் உள்ளே போய்விட்டாள். நான் நீட்டிய ரூபாயால் தீர்க்க முடியாததை, ஒரு நாள் பதநீரைக் கொடுத்து அவள் தீர்த்துவிட்டாள்.

அன்று இரவு வேறொரு விஷயமும் சொன்னாள். இந்த எட்டு மரத்தையும் செங்கல் சூளைக்கு விலை கேட்டு முன்பு ஆள் வந்ததுண்டாம். பனை நம் மாநில மரம். பனையை வெட்ட வேண்டுமானால் கலெக்டரின் அனுமதி வேண்டும் என்று 2021-ல் தமிழக அரசு தன் வேளாண்மை பட்ஜெட்டில் அறிவித்தது. "மரத்துக்கு ஏதோ ஒரு காவல் வந்திடுச்சுடா. ஏறுறவருக்குத்தான் முட்டி வலி. அவர் பிள்ளை திருப்பூர்ல பனியன் கம்பெனியில இருக்கான். இவர் ஏற மாட்டேன்னுட்டா எட்டு மரமும் சும்மா நிற்கும்" என்றாள். அந்த அடுப்பும் சும்மா இருக்கும் என்று அவள் சொல்லவில்லை, நானே சேர்த்துக்கொண்டேன்.

ஆபீஸுக்கு ஒரு நாள் லீவு சொல்லிவிட்டுத் தங்கினேன். மறுநாள் பெரியவரின் மனைவி காய்ச்சினாள். எனக்கு அடுப்பண்டை அனுமதி இல்லை. விறகு எடுத்துக் கொடுக்கும் உத்தியோகம்தான் கிடைத்தது. ஒரு சொட்டுப் பாகைத் தண்ணீரில் விட்டு விரலால் உருட்டிப் பார்த்தாள். உருண்டது. உடனே சட்டியை இறக்கிக் கொட்டாங்கச்சிகளில் வார்த்தாள். ஆறியதும் கவிழ்த்துத் தட்டினால் பளபளவென்று அரை வட்டமாக விழுந்தது வெல்லம். இரண்டு கிலோ கேட்டேன். விலை சொன்னாள். காய்கறிக்காரியிடம் கால் ரூபாய்க்குக் கால் மணி நேரம் வாதாடுகிற நான், வாயைத் திறக்காமல் எண்ணிக் கொடுத்தேன்.

வீட்டுக்கு வந்ததும் மனைவி ஒரு துண்டை வாயில் போட்டுக்கொண்டு கண்ணை மூடினாள். திறந்ததும், "என்ன விலை?" என்றாள். சொன்னேன். "கொஞ்சம் அதிகம் இல்லையோ?" என்றாள்.

பதில் பேசாமல் பையிலிருந்து இன்னொரு பொட்டலத்தை எடுத்து வைத்தேன். சட்டியிலிருந்து சுரண்டி எடுத்த கரிக்கட்டி. முகர்ந்து பார்த்து முகத்தைச் சுளித்தாள். நடந்ததையெல்லாம் சொன்னேன். சிரிப்பாள் என்று நினைத்தேன். ஆயிரம் அடிக் கணக்கைக் கேட்டதும் பேசாமல் வெல்லத்தை டப்பாவில் எடுத்து வைத்தாள். விலையைப் பற்றி அப்புறம் அவள் பேசவில்லை.

ராத்திரி விளக்கை அணைக்கும்போது சொன்னாள்: "வருகிற பங்குனிக்கு நானும் வருகிறேன். அடுப்பை நான் பார்த்துக்கொள்கிறேன். நீங்கள் தூரப் போய் நின்று தங்கையோடு போன் பேசுங்கள்."

ஒப்புக்கொண்டேன். அந்தப் பெரியவரின் முட்டி வலி அதற்குள் குணமாக வேண்டும். எங்கள் வீட்டுப் பூஜை அறையில் இப்போது அதுவும் ஒரு பிரார்த்தனை.