வண்ணப்பூச்சின் அடியில்

1986ஆம் ஆண்டு நான் பதினொன்றாம் வகுப்பில் சேர்ந்தபோது, பள்ளி எட்டுக் கிலோமீட்டர் தொலைவில் இருந்தது. நெல் விற்ற பணம் 300 ரூபாயை மடியில் முடிந்துகொண்டு, பழைய மிதிவண்டி வாங்க அப்பா என்னை நகரத்துக்கு அழைத்துச் சென்றார்.

பச்சை வண்ணம் பளபளத்த வண்டியொன்றில் என் கண் நிலைத்துவிட்டது. மிதிவண்டி பழுதுபார்ப்பவரான அப்பாவின் நண்பரோ அதைத் தலைகீழாக நிறுத்திச் சக்கரத்தைச் சுழற்றினார். பிரேக் கட்டைக்கும் விளிம்புக்கும் உள்ள இடைவெளி மாறவில்லை, கோட்டம் இல்லை. முன்சக்கரத்தில் 32 கம்பிகளும் பின்சக்கரத்தில் 40 கம்பிகளும் இருப்பதை அன்றுதான் எண்ணிப் பார்த்தேன். ஏறுபவரின் எடையில் பெரும்பங்கு பின்சக்கரத்தின் மீதன்றோ விழுகிறது! ஒவ்வொரு கம்பியையும் சுண்டி ஒலி கேட்டார். மந்தமாக ஒலித்த இரண்டை முறுக்கினால் போதும் என்றார். பெடல் தண்டைப் பக்கவாட்டில் அசைத்தார், ஆட்டமில்லை. எனக்குப் பொறுமை போயிற்று.

பின்பு, கைப்பிடிக்குக் கீழே சாய்ந்திறங்கும் குழாயின் அடிப்பக்கத்தைத் தடவியவர், “இங்கே கையை வை, தம்பி” என்றார். புதுவண்ணத்தின் அடியில் மெல்லிய மடிப்பொன்று விரலில் தட்டுப்பட்டது. எதன்மீதோ நேராக மோதிய வண்டி! ஏனைய உறுப்புகளை மாற்றிக்கொள்ளலாம். குழாய் மடிந்த வண்டி நேரே ஓடாது, ஒருநாள் ஒடியவும் கூடும் என்றார். விற்க வந்தவர் வேறுபக்கம் பார்த்தார்.

கல்லூரி முடியும்வரை என்னைச் சுமந்த கறுப்பு வண்டி அன்று துருவேறிக் கிடந்தது. அதில் அப்பாவைப் பின்னே அமர்த்திக்கொண்டு எட்டுக் கிலோமீட்டரும் ஓட்டி வந்தேன். ஒரு சொல்லும் பேசவில்லை.